கூட்டினால் எட்டு வருகிற கடனட்டை

ஒரு பொருளும் காணாமற் போகாமலே ஒரு களவு நடக்கலாம் என்பதை நான் நாற்பத்தாறாவது வயதில்தான் அறிந்தேன். அந்தக் களவுக்கு வழி திறந்துவிட்டவன் நானே. அதற்கான பழியைச் சுமந்தவர் இன்னொருவர். அந்தப் பழி அவர்மேல் ஏறியபோது நான் பக்கத்திலே நின்றேன். அதை இறக்கிவிட என்னுடைய ஒரு வசனம் போதும். நான் அதைச் சொல்லவில்லை. இப்போது எனக்கு எண்பத்தாறு வயது. இனியும் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆடி மாதம். சுடுபாடுகள் சற்று ஓய்ந்திருந்த நேரம். ஒன்பது வருடங்களுக்குப் பிறகு என் தங்கை தன் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். நான் அப்போது யாழ்ப்பாணப் பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் மேல்வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு இணுவிலில்.

அவர்கள் எங்களுடன் நான்கு கிழமை தங்குவதாகத்தான் இருந்தது. ஆனால் வளவின் பின்கோடியில் இருந்த கக்கூசுக்குப் போக அந்தப் பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். முதல்நாளே சின்னவள் உள்ளே ஒரு தவளையைக் கண்டு கத்திய கத்தலில் அயல்வீட்டார் ஓடிவந்தார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த மச்சான், பட்டினத்தில் குளியலறை சேர்ந்த அறைகள் உள்ள ஒரு விருந்தினர் விடுதிக்குச் செவ்வாய்க்கிழமை மாறப்போவதாகச் சொன்னார். அங்கே வெளிநாட்டுக் கடனட்டையும் எடுப்பார்களாம்.

"அதென்ன கடனட்டை?" என்று கேட்டேன். பெயரைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர ஒன்றைக் கண்டதில்லை.

மச்சான் பேர்ஸிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். ஒரு விளையாட்டுச் சீட்டு அளவு. எண்கள் அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை. தகட்டிலிருந்து மேலே எழும்பி நின்றன. நான் கண்ணை மூடி விரலால் தடவி ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். பதினாறு இலக்கம். அதன் கீழே அது தொடங்கிய மாதமும் முடியும் மாதமும். அதற்கும் கீழே மச்சானின் பெயர்.

"இதுக்குள்ளை காசு எங்கை இருக்கு?"

"இதுக்குள்ளை ஒண்டுமில்லை, மச்சான். காசு பாங்கிலை. இது நம்பர்தான். உந்த நம்பரையும் பேரையும் முடியிற மாசத்தையும் சொன்னால் அங்கை போனிலையே சாமான் வாங்கலாம். அதாலை ஒருத்தருக்கும் காட்டக்கூடாது எண்டு பாங்கிலை சொல்லித்தான் தாறவங்கள்."

இந்த விளக்கம் எனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

தங்கை பின்னால் வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, ஒருக்காக் கூட்டிப் பாருங்கோவன்."

"தொடங்கிட்டாள்," என்றார் மச்சான். "வாசல் நம்பர் இருபத்தாறு எண்டு ஒரு அருமையான வீட்டை விட்டவள் உவள். அங்கை பஸ்ஸும் நம்பர் கூட்டிப் பார்த்துத்தான் ஏறுறவள். வேலைக்கு நேரத்துக்குப் போன நாளில்லை."

"நீங்கள் சும்மா இருங்கோ. அண்ணை, என்ன வருது?"

அவள் கேட்கும் முன்பே நான் கூட்டியாயிற்று. எண்களைக் கண்டால் கூட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது. "எண்பது," என்றேன்.

"எட்டும் பூச்சியமும் எட்டு!" என்றாள். குரல் இறங்கிவிட்டது. மச்சான் சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்துப் பேர்ஸுக்குள் வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் வளராதவர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் கார் வாங்கும்போது என்ஜினைப் பார்க்கும் முன்னர் நம்பர்த் தகட்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். எட்டு வந்தால் சனியன் ஏறி இருக்கிறான் என்று அர்த்தம். கலியாணத் திகதி, கடைக் கதவிலக்கம், பிள்ளையின் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கூட்டல் உண்டு. நான் இதை வகுப்பில் பகிடி பண்ணுகிற ஆசிரியன். "ஒன்பதாலை பிரிச்சு மிச்சத்தைப் பார்க்கிறதுக்கு ஒருத்தன் உங்களிட்டைத் தட்சணை வாங்குறான்" என்று சொல்லி, அதைக் கரும்பலகையில் நிறுவியும் காட்டுவேன். பெடியள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஊரிலும் எனக்கு அந்தப் பெயர்தான்: சாத்திரம் பார்க்காத மாஸ்டர்.

விடுதிக்கு மாறி இரண்டாம் நாள், வியாழக்கிழமை, தங்கை அங்கிருந்து என்னைப் பார்க்க வந்தாள். மச்சானும் பிள்ளைகளும் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் கக்கூசுதான் பயம். கிணற்றைக் கண்டால் அந்த இடத்தை விட்டு வரமாட்டார்கள். அவள் குசினிக்குள், அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள். அந்த அட்டை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒன்றும் சரியில்லையாம். கார் இடிபட்டது. இவருக்கு நெஞ்சுநோவென்று இரண்டு கிழமை ஆஸ்பத்திரி. அச்சுவேலியில் ஒருவர் எண் பார்த்து அப்படியே சொல்லுகிறாராம். அவரிடம் நான் போய்க் கேட்டு வரவேண்டுமாம்.

"நான் போறதே? பகிடிக்குச் சொல்லுறியோ?"

"நீங்கள் போனால்தான் அண்ணை ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம். நான் போனால் இவருக்குப் போய்ச் சேர்ந்திடும். எனக்காக ஒருக்கா. பயமாய்க் கிடக்கு."

தங்கைக்காகப் போனேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி இது: எனக்கும் அறிய ஆசை. அந்த மனிதர் என்னதான் செய்கிறார், எண்பதை வைத்து என்ன சொல்லுவார் என்று பார்க்க விரும்பினேன். அதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. சைக்கிள் வாங்கியபோது எட்டு வராத நம்பராக நானே பார்த்து எடுத்தவன். அது ஒருவருக்கும் தெரியாது.

மச்சானின் காற்சட்டை கொடியில் கிடந்தது. தங்கை பேர்ஸை எடுத்துத் தந்தாள். மாணவர் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பதினாறு இலக்கத்தையும் பெயரையும் எழுதி, இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தேன். பிழை வரக்கூடாது என்பது என் தொழிற்குணம். தொடக்க மாதமும் முடிவு மாதமும் கண்ணில் பட்டபடியால் அவையும் மனதில் நின்றன.

அன்று பின்னேரமே போனேன். பஸ்ஸில் போனால் மாணவர்கள் காண்பார்கள் என்று சைக்கிளில், உள்ரோட்டுகளால். அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் ஓடு போட்ட சின்ன வீடு. முன்னறையில் ஒரு மேசை, நான்கு கதிரைகள். மேசையில் கடைக்காரர் வைத்திருப்பதுபோல ஒரு பெரிய கொப்பி விரித்தபடி. பூசை மணமோ விபூதிப்பூச்சோ எதையும் காணவில்லை. காதில் பென்சில் செருகிய ஒல்லியான மனிதர் ஒருவர், எங்கள் கல்லூரிக் கணக்காளரைப் போலவே இருந்தார்.

எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். சபாரி உடுப்பு, மடியில் தோற்பெட்டி. பெட்டிக்குள் ஒரு அடுக்குப் பாஸ்போட். ஒவ்வொன்றாக எடுத்து இலக்கத்தை வாசித்தார். சாத்திரியார் கொப்பியில் எழுதி, கூட்டி, "இது போகும்", "இது ஆவணி பிறந்தாப் போல", "இந்தப் பெடியனை வெள்ளிக்கிழமை ஏத்தாதையும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெடியன்களை ஜேர்மனிக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் என்று எனக்கு விளங்கியது. அப்போது அப்படிப்பட்டவர்கள் மூலைக்கு மூலை இருந்தார்கள்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "என்ன, மாஸ்டரல்லே? எங்கடை தமையன்ரை மகன் உங்களிட்டைப் படிச்சவன். மாஸ்டரும் வெளிக்கிடப் போறியளோ?"

முகம் சுட்டது. "சீச்சீ. சொந்தக்காரர் ஒருதரின்ரை விஷயம்," என்றேன்.

"வெட்கப்படாதேங்கோ மாஸ்டர். இஞ்சை வராத ஆள் ஆர்? டொக்டர்மார் வருகினம். போன கிழமை ஒரு சுவாமியும் வந்தவர்."

சாத்திரியார் என் தாளை வாங்கிக் கொப்பியில் பதிந்தார். நீளமான இலக்கத்தைக் கண்டு அவருடைய முகத்தில் உண்மையான ஆவல் எழுந்தது. இப்படி ஒன்று அவரிடம் முன்னர் வந்ததில்லை.

"என்ன எண் இது?"

"பாங்குக் காட் ஒண்டின்ரை எண்."

"ஓ. சரி, பேர் இருக்கு. ஆளின்ரை பிறந்த திகதி?"

சொன்னேன்.

"எண்ணின்ரை பிறந்த திகதி?"

"எண்ணுக்குமோ?"

"ஓம் மாஸ்டர். ஆளுக்கு ஆயுள் இருக்கிற மாதிரி எண்ணுக்கும் ஆயுள் இருக்கு. எப்ப பிறந்தது, எப்ப முடியுது? அது தெரியாமல் பலன் சொன்னால் பிழைக்கும்."

கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அட்டையிலே அவர் கேட்ட இரண்டு திகதியும் பொறிக்கப்பட்டிருந்தது எவ்வளவு பொருத்தம் என்று வியந்தபடி இரண்டையும் சொன்னேன். அவர் பென்சிலால் வடிவான எழுத்தில் பதிந்தார். இலக்கம், பெயர், தொடக்கம், முடிவு. பக்கத்துக் கதிரையில் ஏஜென்சிக்காரர் தோற்பெட்டியை மூடாமல் இன்னும் இருந்தார். கொப்பி எங்கள் மூவருக்கும் நடுவில் விரித்துக் கிடந்தது.

பலன் இதுதான்: எண் வலுவானது, ஆனால் சனியின் எண். சனிக்கிழமைகளில் பாவிக்கக்கூடாது. முடிகிற மாதம் வரை கவனம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழும்பினேன். வழியெல்லாம் அந்தக் "கவனம்" என்ற சொல் சைக்கிளில் கூடவே வந்தது.

அடுத்த செவ்வாய், விடுதியில் முதற்கிழமைக் கணக்கு. காசு கட்ட அட்டை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காகவே நானும் போனேன். வரவேற்பு மேசையில் இருந்த கிளாக்கர் குருநகரைச் சேர்ந்தவர், முப்பது வயது இருக்கும். நல்ல சிரிப்பு. அட்டையை ஒரு இரும்புத் தட்டில் வைத்து, மூன்று தாள் ஒட்டிய சிட்டையை அதன்மேல் வைத்து, ஒரு கைபிடியை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இழுத்தார். சறக், சறக். தாள்களுக்கு நடுவில் இருந்த கார்பனால் எழும்பி நின்ற எழுத்தெல்லாம் கீழ்த்தாள்களில் பதிந்தன.

"இன்னொருக்கா இழுத்துக் காட்டுமன்," என்றேன்.

"ரெண்டு தரம் இழுத்தால் சேருக்கு ரெண்டு தரம் காசு போகும்," என்று சிரித்தார். வெறும் தாள் ஒன்றை வைத்து எனக்காக இழுத்துக் காட்டினார். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. வளைகுடா நாட்டில் ஒரு பெரிய ஹோட்டலில் தனக்கு வேலை சரிவந்திருப்பதாகச் சொன்னார். மெடிக்கல் முடிந்துவிட்டது. விடுதி முதலாளியின் நன்னடத்தைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. மாத முடிவுக்கு முன் அது கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டும். வீட்டில் மூன்று தங்கைமார், தகப்பன் கடலோடு போனவர். "கடிதம் கிடைச்ச உடனை சேருக்கும் வந்து சொல்லிப்போட்டுத்தான் போவன்," என்றார்.

இரண்டாவது செவ்வாய், அதே மேசை. கணக்குப் பெரியது என்றபடியால் முதலாளி கொழும்பிலுள்ள பாங்குக்குப் போன் எடுத்து அனுமதி கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் மாறியது. போனை வைத்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். அட்டை ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

"என்ன செய்யிறியள்?" என்றார் மச்சான்.

"மறிச்சுப்போட்டாங்களாம். திருப்பிக் குடுக்காமல் வெட்டி அனுப்பட்டாம்."

"உது என்ரை காட்!"

"காட் பாங்கின்ரையாம் சேர்," என்று சொல்லி இரண்டாக வெட்டினார். தங்கை ஒரு சத்தம் போட்டாள். யாரோ விரலை வெட்டியதுபோல.

மச்சானும் நானும் தொலைபேசிக் கந்தோருக்குப் போய், லண்டனுக்கு அழைப்புப் பதிந்துவிட்டு அங்கிருந்த மர வாங்கில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். தொடர்பு கிடைத்தது. பெட்டிக்குள் நின்று அவர் கத்திக் கதைத்ததெல்லாம் வெளியே கேட்டது. இரண்டு விமானச் சீட்டுகள். ஒருவழிப் பயணம், கொழும்பிலிருந்து பேர்லினுக்கு. லண்டனில் ஒரு பயணச்சீட்டுக் கடைக்கு யாரோ போனில் இலக்கத்தையும் பெயரையும் முடியும் மாதத்தையும் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். எந்த நாள் என்று மச்சான் கேட்டார். நேற்றல்ல, போன கிழமைத் திங்கட்கிழமை என்றார்கள்.

பேர்லின் என்ற சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. தோற்பெட்டியும் பாஸ்போட் அடுக்கும் கண்முன்னே வந்தன.

மச்சான் நேரே விடுதிக்குப் போனார், நானும் பின்னால் போனேன். லண்டன் பேப்பரில் வாசித்தவராம்: கார்பன் தாளைக் களவெடுத்து இலக்கத்தை வாசிக்கிறார்களாம். "எங்கை அந்தக் கார்பன்?" என்று மேசையில் தட்டினார். கிளாக்கர் லாச்சியைத் திறந்து ஒரு கட்டுக் கார்பனைத் தானாகவே எடுத்து வைத்தார். எறிவதில்லை. குசினிச் சிட்டைகளுக்குத் திரும்பப் பாவிக்கிறதுதான் அங்கே வழக்கம். முதலாளியின் உத்தரவு. மச்சான் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பதினாறு இலக்கமும் பெயரும் திகதியும் அச்சொட்டாகத் தெரிந்தன.

"இந்தா! ஆர் வேணுமெண்டாலும் வாசிக்கலாம்! லாச்சித் திறப்பு ஆரிட்டை?"

"என்னட்டை, சேர். மாதாவாணை நான் ஒண்டும் செய்யேல்லை. எனக்கு பேர்லினிலை ஆரைத் தெரியும்?"

"வெளிநாடு போக நிண்டுகொண்டிருக்கிறவர் தானே நீர்? டிக்கட் எடுக்கிற ஆக்களைத் தெரியாதோ?"

முதலாளி வாய் திறக்கவில்லை. கார்பனைச் சேர்த்துவைக்கச் சொன்னவர் அவரே. அதைச் சொன்னால் பழியில் அவருக்கும் பங்கு வரும். தங்கை என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அவளுக்கும் விளங்கிவிட்டது. 'சொல்லிப்போடாதேங்கோ' என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

அப்போதுதான் என் தலைக்குள் அந்தக் கணக்கு ஓடியது. மச்சானின் கையில் முதற்கிழமைச் சிட்டை இருந்தது. அதில் திகதி, செவ்வாய்க்கிழமை. சீட்டு வாங்கியதோ அதற்கு முதல்நாள் திங்கட்கிழமை. லண்டன் நேரம் எங்களுக்குப் பிந்தியது என்பதைச் சேர்த்தாலும் கணக்கு மாறாது. அந்தக் கார்பன் பிறக்கும் முன்னரே களவு நடந்துவிட்டது. அந்த மனிதர் செய்திருக்கவே முடியாது. நிறுவுவதற்கு இரண்டு வரி போதும். அச்சுவேலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியென்றால் எங்கே? அந்தக் கேள்வி தங்கையிடம் போகும், அவளிடமிருந்து என்னிடம் வரும். சாத்திரம் பார்க்காத மாஸ்டர் அச்சுவேலிக்கு ஒளித்துப்போன கதை கல்லூரி முழுக்கப் பரவும். கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் என்னை நினைத்தேன். அவ்வளவுதான் என் பயம். அதைவிடப் பெரிய ஒன்று இருந்திருந்தால் இப்போது எழுத இலகுவாக இருந்திருக்கும்.

மச்சான் என்னிடம் திரும்பினார். "நீர் கணக்கு மாஸ்டர். நீர் சொல்லும். உதுக்குள்ளாலைதானே போயிருக்கவேணும்?"

"ஓம்," என்றேன்.

பொலிசுக்குப் போகிற காலம் அல்ல அது. "பெடியளிட்டைச் சொல்லுவம்," என்றார் மச்சான். ஆயுதம் ஏந்திய இயக்கப் பெடியளிடம் களவு முறைப்பாடு போனால் விசாரணை எப்படி முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். அதை மட்டும் நான் மறித்தேன். "விடும் மச்சான், பாங்க் காசைத் திருப்பித் தருமெண்டு சொன்னதுதானே. ஒரு உயிரோடை விளையாடாதையும்," என்றேன். மச்சான் அடங்கினார். முதலாளி கிளாக்கரைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு வரவேண்டாம். கடிதமும் கேட்டு வராதை."

வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேர் இல்லாட்டி என்னைக் கொண்டே போட்டிருப்பாங்கள். மறக்கமாட்டன், சேர்." நான் கையை எடுத்துக்கொண்டேன்.

மச்சானுக்குப் பாங்க் ஒரு சதமும் குறையாமல் விட்டுக்கொடுத்தது. அவர்களின் விடுமுறை கடற்கரையும் கோயிலுமாக முடிந்தது. தங்கையும் நானும் அந்த விஷயத்தை அன்றும் கதைக்கவில்லை, பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. அவள் போன பிறகு நான் அச்சுவேலிக்கு மறுபடி போனேன். என் ஊகம் சரியா என்று அறிய வேண்டியிருந்தது. இப்போதுகூட உறுதிப்படுத்துகிற ஆவல்தான் முன்னுக்கு நின்றது, வருத்தம் அதற்குப் பின்னால்தான்.

"ஓம், அந்த ஏஜென்சிக்காரர் எழுதிக்கொண்டு போனவர்," என்றார் சாத்திரியார் எந்தக் கள்ளமும் இல்லாமல். "பாஸ்போட் எண்ணோடை ஒத்துப்பார்க்க வேணுமெண்டார். நல்ல நீளமான எண், ரெண்டு பேரைக் கரைசேர்க்கும் எண்டு பகிடியும் விட்டவர். ஏன் மாஸ்டர், பலன் பிழைச்சுப்போச்சே?"

"இல்லை," என்றேன். "பிழைக்கேல்லை."

ஏஜென்சிக்காரர் அதற்குள் ஊரைவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். அந்த இரண்டு சீட்டிலும் யார் போனார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஜேர்மனியிலிருந்து திரும்பி வந்து என்னைக் காண வந்த பழைய மாணவர்களிடம், எந்த மாதம் ஏறினாய், ஆர் டிக்கட் எடுத்தது என்று கேட்பேன். மாஸ்டருக்கு எங்களில் எவ்வளவு அக்கறை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கடனட்டை இலக்கத்தில் கடைசி இலக்கம் மற்றப் பதினைந்தையும் கொண்டு கணக்கிட்டுப் போடப்படுவது என்று வெகுகாலத்துக்குப் பின் ஒரு புத்தகத்தில் வாசித்தேன். எழுதும்போது பிழை விடுகிறவனைப் பிடிப்பதற்காம். என்னைப்போல் இரண்டு தரம் ஒப்பிட்டுப் பிழையில்லாமல் எழுதுகிறவனுக்கு அது எந்தத் தடையும் இல்லை.

மாதம் முடிந்து, இன்னும் இரண்டு மாதமும் போனது. ஒருநாள் பின்னேரம் விடுதி முதலாளியிடம் போனேன். திகதிகளைச் சொன்னேன். அவர் தன் பிரதிச் சிட்டையை எடுத்துப் பார்த்தார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்?"

"இப்பத்தான் பிடிபட்டது," என்றேன்.

அவர் அந்த இடத்திலேயே கடிதம் எழுதித் தந்தார். நல்ல கடிதம். நேர்மையானவர், உழைப்பாளி, எந்தக் குற்றமும் இல்லாதவர். அதை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். முன்னாள் கிளாக்கர் தமையனின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய் வந்து, கரையில் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தார். கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார்.

"அந்த இடத்துக்கு வேறை ஆளைப் போட்டிட்டாங்கள் சேர். போன மாசம். மெடிக்கலும் முடிஞ்சுது, அது மூண்டு மாசத்துக்குத்தான் செல்லும்."

அவர் கடிதத்தை மீன்நீர் படாமல் மடித்தார்.

"பரவாயில்லை. பேர் வந்திட்டுதே, அது காணும்." வீட்டுப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "அம்மா! இஞ்சை வாணை! நான் சொன்னன் அல்லே, ஒரு மாஸ்டர் எண்டு. இவர்தான். என்ரை பேரைக் காப்பாத்திக் கொண்டந்திருக்கிறார்."

தாய் வந்தார். படிக்காத மனிசி. கடிதத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டார்.

மகன் கேட்டார்: "எப்பிடிச் சேர் கண்டுபிடிச்சியள்?"

"திகதியைப் பார்த்தன். சீட்டு எடுத்தது முதல்நாள், நீர் அட்டையை இழுத்தது அடுத்தநாள்."

"அட! நானும் அண்டைக்கு அந்தச் சிட்டையைப் பார்த்துக்கொண்டுதானே நிண்டனான். படிச்ச மூளை படிச்ச மூளைதான்." பிறகு கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் என்னைப் போலவே ஒரு விஷயத்தின் அடியைத் தொடாமல் விட முடியாது போலும். "அப்ப அந்த நம்பர் எங்காலை போச்சுது சேர்?"

அவர் கண்ணில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. உண்மையான ஆவல் மட்டும். கடலிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. தாய் இன்னும் கைகூப்பியபடி நின்றார். சொல்லுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்கு வாழ்க்கையில் பிறகு வாய்க்கவில்லை.

"தெரியாது," என்றேன்.

"கள்ளன் பெரிய மூளைக்காரன்தான்," என்று சிரித்தார். கூறுகளில் இருந்த நல்ல விளைமீன் இரண்டைத் தெரிந்து, பனையோலையில் சுற்றி, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல என் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிவிட்டார். நான் அதை இணுவிலுக்குக் கொண்டுபோனேன். மனைவி குழம்பு வைத்தாள். ருசியாக இருந்தது. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

தொண்ணூற்றைந்தில் போரால் எல்லாரும் இடம்பெயர்ந்தபோது அந்தக் குடும்பம் எங்கே போனது என்று தெரியவில்லை. திரும்பி வந்த பிறகு இரண்டு தரம் குருநகரில் விசாரித்தேன். ஒருவர் மன்னார் என்றார், ஒருவர் தமிழ்நாடு என்றார். அவர் உயிரோடு இருந்தால் எழுபது வயது. அவர் கேட்ட கேள்விக்கான பதில் இதுதான்: அந்த இலக்கம் என் கையால், என் எழுத்தில், ஒரு கொப்பித் தாளில் போனது. நீர் கேட்டபோது எனக்குத் தெரியும்.